ஸ்வால்பார்ட் நாட்குறிப்பு: ஈடர் வாத்தும் பனிக்கரடியும்

ஜூன் 27, 2025. ஓஸ்லோ

விசா விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நார்வேக்கு வடக்கே ஆர்க்டிக் கடலில் இருக்கும் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்ட் நார்வேக்குச் சொந்தமான மண்தான், ஆனால் ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் வட்டத்துக்குள் வராது. அங்கே கால் வைக்க யாருக்கும் விசா தேவையில்லை. 1920-இல் பாரிஸில் கையெழுத்தான ஒப்பந்தத்தின் கொடை அது. அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவின் பெயரும் அதில் உண்டு. ஆனால் ஓஸ்லோவையோ ட்ரோம்சோவையோ மிதிக்காமல் அங்கே போய்ச்சேர வழியில்லை. ஒருமுறை மட்டும் நுழைய விடும் ஷெங்கன் விசாவோடு போனால் போகலாம், திரும்பி உள்ளே வர முடியாது. இரண்டு நுழைவு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு டிக்கெட் போடுங்கள்.

நான் போவது இரண்டு உயிர்களைப் பார்க்க. ஒன்று பனிக்கரடி. அதற்கு அறிமுகம் வேண்டாம். இன்னொன்று ஈடர் வாத்து. விலை உயர்ந்த ஐரோப்பிய மெத்தைக்குள்ளும் போர்வைக்குள்ளும் இருக்கும் தூவி, அதாவது உடம்போடு ஒட்டிய மெல்லிய இறகு, இதனுடையது. அன்னத்தின் தூவியில் அரசிக்குப் படுக்கை விரித்த கதை நம் பழம்பாட்டில் வருகிறது. வடக்கே அந்த வேலையைப் பல நூற்றாண்டுகளாக ஈடர் பார்த்துவந்திருக்கிறது. கரடி நானூறு கிலோ, வாத்து இரண்டு கிலோ. இரண்டையும் எதற்காகச் சேர்த்துப் பார்க்க வேண்டும்? கடற்பனி சீக்கிரம் உருகிப்போகும் ஆண்டுகளில் கரடிகள் தீவுகளில் ஏறி ஈடர் முட்டைகளைத் தின்கின்றன. கடந்த இருபது ஆண்டுகளில் இது கூடிக்கொண்டே வருகிறது. இந்தச் சண்டையில் எந்தப் பக்கம் நிற்பது என்று எனக்கு ஊரிலிருந்து கிளம்பும்போதே தெரியவில்லை.

ஓஸ்லோவில் தங்க இடம் கொடுத்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். எண்பதுகளில் வந்து, வட கோடியில் ஃபின்மார்க்கில் மீன் ஆலையில் வேலை பார்த்தவர். நார்வேக்கு அந்தக் காலத்தில் வந்த தமிழர்களில் பலருடைய கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது. சாப்பாட்டு மேசையில் விஷயத்தைச் சொன்னேன்.

"தம்பி, கரடி பாக்க இவ்வளவு காசு குடுத்துப் போறீர், சரி. தாரா பாக்கவும் போறீரோ?"

"ஆமாண்ணே, ஈடர்."

"அதுகளை எனக்கு நல்லாத் தெரியும். நாங்கள் மீன் வெட்டேக்கை யன்னலுக்கு வெளியிலை துறைமுகம் முழுக்க அதுகள்தான். சூரியனே வராத மாசத்திலையும் நிக்கும். முழுச் சிப்பியை அப்பிடியே விழுங்கும் தம்பி, ஓடோடை!"

அவர் சொன்னது சரிதான். ஈடர் கடலுக்கடியில் மூழ்கிச் சிப்பியை ஓட்டோடு விழுங்கிவிடும். உடைக்கும் வேலையை இரைப்பை பார்த்துக்கொள்ளும்.

ஜூன் 28. ட்ரோம்சோ

துறைமுகத்தை ஒட்டிய பழைய மரக் கிடங்கு ஒன்றில் இருக்கிறது துருவ அருங்காட்சியகம். நான்சென், அமுன்ட்சென் என்று துருவப் பயணிகளின் பெரிய பெயர்கள் எல்லாம் இருந்தாலும் நான் அதிக நேரம் நின்றது ஒரு மரப்பெட்டிக்கு முன்னால்.

நான்கு கால் வைத்த பெட்டி, ஒரு பக்கம் திறப்பு. உள்ளே நீளம் குறைத்த துப்பாக்கி. அதன் விசையில் கட்டிய கயிற்றின் மறுமுனையில் இரை. கரடி தலையை உள்ளே விட்டு இரையைப் பிடித்து இழுத்தால் குண்டு நேராக மண்டையில் பாயும். வேட்டைக்காரன் பக்கத்தில் இருக்க வேண்டியதில்லை. குளிர்காலம் முழுக்கத் தன் குடிலில் தூங்கி எழுந்து, வரிசையாக வைத்த பெட்டிகளைச் சுற்றிப் பார்த்து, தோலை உரித்துக்கொண்டு வந்தால் போதும். சுடப்பட்டது குட்டியோடு வந்த தாயா, கிழட்டு ஆணா என்று பெட்டிக்குத் தெரியாது. தாய் செத்துவிட்டால் குட்டிகளைப் பிடித்து மிருகக்காட்சிசாலைகளுக்கு விற்றார்கள். ஹென்ரி ருடி என்ற ஒரே வேட்டைக்காரர் தன் வாழ்நாளில் கொன்ற கரடிகள் 713. "பனிக்கரடி ராஜா" என்று அவருக்குப் பட்டம் வேறு.

இதே ஆட்கள் ஜூன் மாதம் வந்ததும் படகை எடுத்துக்கொண்டு தீவுகளுக்குப் போவார்கள், ஈடர் கூட்டிலிருந்து முட்டையும் தூவியும் அள்ள. சுத்தம் செய்த தூவி ஒரு கிலோ சேர ஏறத்தாழ அறுபது கூடு வேண்டும். இதே நார்வேயில், தெற்கே வேகா தீவுகளில், கதை நேர்மாறாக இருந்திருக்கிறது. ஈடர் வந்து அடைகாக்க என்றே அங்குள்ள மக்கள் கல்லாலும் பலகையாலும் குட்டிக் குட்டி வீடுகள் கட்டிவைத்தார்கள், காய்ந்த கடற்பாசியை உள்ளே விரித்தார்கள், காக்கையும் நீர்நாயும் அண்டாமல் காவல் இருந்தார்கள். குஞ்சு பொரித்துக் கடலுக்குப் போன பிறகுதான் தூவியை எடுத்தார்கள். 2004-இல் யுனெஸ்கோ அந்தத் தீவுகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது இந்த வாத்து வளர்ப்புக்காகத்தான். ஊரில் குடியிருப்பவனுக்கு அடுத்த ஆண்டும் வாத்து வர வேண்டும். ஸ்வால்பார்டுக்குக் குளிர்காலம் கழிக்கப் போனவனுக்கு அந்தக் கவலை இல்லை. அங்கே ஈடருக்குச் சட்டப் பாதுகாப்பு வந்தது 1963-இல். கரடிக்கு இன்னும் பத்து ஆண்டு கழித்து.

ஜூன் 29. லாங்யர்பியென்

ட்ரோம்சோவில் கடவுச்சீட்டைக் காட்டி ஏறிய விமானம் ஒன்றரை மணி நேரம் கழித்து மேகத்தைக் கிழித்துக்கொண்டு இறங்கியபோது கீழே மரமே இல்லாத பழுப்பு மலைகள். 78 பாகை வடக்கு. பெட்டிகள் சுற்றி வரும் பட்டையின் நடுவில் பாடம் செய்த பனிக்கரடி ஒன்று நிற்கிறது. வந்தவர்களில் பாதிப் பேர் பெட்டியை விட்டுவிட்டு அதோடு படம் எடுத்துக்கொண்டார்கள்.

லாங்யர்பியென்தான் ஸ்வால்பார்டின் பெரிய ஊர், ஏறத்தாழ இரண்டாயிரத்து ஐந்நூறு பேர் வாழ்கிறார்கள். விடுதிக்குள் நுழைந்தால் செருப்பைக் கழற்ற வேண்டும். சுரங்கத் தொழிலாளிகள் நிலக்கரித் தூசியோடு வீட்டுக்குள் வரக்கூடாது என்பதற்காகத் தொடங்கிய பழக்கம். நமக்குச் சொல்லித்தர வேண்டாத பழக்கம். கடை வாசல்களில் துப்பாக்கிக்குத் தடைப் படம் ஒட்டியிருக்கிறது. ஊர் எல்லையைத் தாண்டினால் கரடியை விரட்டும் சாதனம் இல்லாமல் போகக்கூடாது என்பது சட்டம். பெரும்பாலானவர்கள் துப்பாக்கியும் எடுத்துக்கொள்கிறார்கள். 2020 ஆகஸ்டில் விமான நிலையத்துக்குப் பக்கத்து முகாமிலேயே கூடாரத்தில் தூங்கிய ஒருவரைக் கரடி அடித்துக் கொன்றது. எனவே இது சுற்றுலாக்காரர்களை மிரட்டச் சொல்லும் கதை இல்லை. ஊரில் பூனை வளர்க்கவும் தடை, பறவைகளுக்காக. கரடிக்குத் துப்பாக்கி, வாத்துக்குப் பூனைத் தடை என்று இரண்டு பக்கமும் சட்டம் போட்டு வாழ்கிறார்கள்.

இரவு பதினொன்றரைக்குத் திரையை இழுத்து மூடிப் பார்த்தேன். ஓரங்களில் வெயில் வந்துகொண்டேதான் இருந்தது.

ஜூன் 30. அட்வென்ட்டாலன்

நான் வந்ததே இன்றைய நாளுக்காக என்று சொல்லலாம்.

ஊரிலிருந்து கிழக்கே பள்ளத்தாக்குச் சாலையில் நடந்தால் ஸ்லெட்ஜ் பனிவண்டி இழுக்கும் நாய்களின் பட்டி வருகிறது. வரிசையாகக் கூண்டுகள், சங்கிலிகள், காது கிழியும் குரைப்பு. வேலிக்கு இந்தப் பக்கம், சாலை ஓரத்துச் சரளையில், ஈடர் பெட்டைகள் அடை கிடக்கின்றன. ஒன்றிரண்டு இல்லை, கண்ணுக்கெட்டும் வரை பழுப்புத் திட்டுகள். அத்தனையும் உயிரோடு இருக்கின்றன என்று உறைக்கச் சற்று நேரம் பிடிக்கிறது.

நாய்க்குப் பக்கத்தில் வாத்து கூடு கட்டுமா? கட்டுகிறது. ஈடருக்கு நிலத்தில் பரம எதிரி துருவ நரி. அதனால்தான் அது எப்போதும் கடல் சூழ்ந்த குட்டித் தீவைத் தேடிப் போகும். இங்கே நாய்கள் சங்கிலியில் கட்டுண்டு கிடக்கின்றன. அவை எட்டும் தூரம் எவ்வளவு என்று வாத்துக்குத் தெரியும். நாய்க்குப் பயந்து நரி அந்தப் பக்கம் தைரியமாக வராது. நாயின் வாய்க்கு ஒரு முழம் தள்ளிக் கூடு. இந்தக் கணக்கை எந்த வாத்து முதலில் போட்டதோ!

சாலையை விட்டு இறங்காமல் குந்தி உட்கார்ந்தேன். மிக அருகிலிருந்த பெட்டை மூன்று மீட்டர் தூரத்தில். பழுப்பு இறகில் ஒவ்வொன்றிலும் கறுப்புக் கோடு. நெற்றியே இல்லாமல் உச்சந்தலையிலிருந்து அலகு நுனி வரை ஒரே சரிவு. கண் மட்டும் கறுப்பாக என்மேலேயே இருந்தது. உடம்பைத் தரையோடு தரையாக அமுக்கி வைத்திருந்தாள். விலா எலும்பு ஏறி இறங்குவது தெரிந்தது. மார்புக்குக் கீழே சாம்பல் பழுப்பு வளையமாகத் தூவி. அது அவளுடைய வயிற்றிலிருந்தே பிடுங்கி வைத்தது. அதில் நாய்க்கூண்டிலிருந்து பறந்துவந்த வைக்கோல் இரண்டு துரும்பும் சிக்கியிருந்தன. பலமான காற்று; ஆனால் தூவி ஒரு இழை கூடப் பறக்கவில்லை. ஒவ்வொரு இழையிலும் கண்ணுக்குத் தெரியாத கொக்கிகள் இருப்பதால் ஒன்றையொன்று பற்றிக்கொண்டுவிடும். மெத்தைக்காரர்கள் அதற்குக் கொடுக்கும் விலை இந்தப் பற்றுக்குத்தான்.

நண்பகல் வாக்கில் சற்றுத் தள்ளியிருந்த இன்னொருத்தி எழுந்தாள். உடனே போகவில்லை. அலகால் வளையத்தின் ஓரங்களை உள்பக்கமாக இழுத்து, முட்டைகள் மேல் போர்த்தி, ஒரு மூலையைத் திரும்பவும் சரிசெய்துவிட்டுத்தான் நடந்தாள். போர்த்துவதற்கு முன் ஒரு கணம் முட்டைகள் தெரிந்தன: நான்கு, வெளிறிய ஆலிவ் பச்சை. சாலையோரக் குட்டைக்குப் போய்த் தண்ணீர் குடித்தாள், கழுத்தை நீட்டி நீட்டி. வேலிக் கம்பத்தில் உட்கார்ந்திருந்த பெரிய சாம்பல் கடற்காகம் அவளைப் பார்த்துவிட்டுக் கூட்டைப் பார்த்தது. அதற்குள் அவள் திரும்பிவிட்டாள். சாப்பிடவில்லை. சாப்பிடவும் மாட்டாள், அடைகாக்கும் இருபத்தைந்து நாள் அளவும் பட்டினிதான். பல நாளுக்கு ஒருமுறை இப்படித் தண்ணீர் மட்டும்.

ஆண்கள் பெரும்பாலும் போய்விட்டன. பெட்டை உட்கார்ந்ததும் ஆணுக்கு வேலை முடிந்தது. கூட்டமாகக் கடலுக்குப் போய் இறகு உதிர்க்கும். மிச்சமிருந்த ஒன்றிரண்டு குட்டையில் நீந்திக்கொண்டிருந்தன. வெள்ளை முதுகு, கறுப்பு வயிறு, பிடரியில் பிஸ்தாப் பச்சை. அவற்றின் குரல் இருக்கிறதே, "ஆஊஊ" என்று, யாரோ சொன்ன ஊர்வம்பைக் கேட்டு மோவாயில் கை வைத்த அத்தையின் குரலேதான்.

பட்டியைப் பார்த்துக்கொள்ளும் பெண் தீவன வாளியோடு வந்தார். வாத்துகளை மிதிக்காமல் கால் வைக்கும் இடம் பார்த்துப் பார்த்து நடந்தார். "திடுக்கிட வைத்துக் கிளப்பிவிட்டால் முட்டைமேலேயே கழிந்துவிட்டுப் பறக்கும். அந்த நாற்றம் கையில் பட்டால் நாள் முழுக்கப் போகாது," என்றார். நரிக்கு அந்த முட்டை ருசிக்காமல் போகத்தான் இந்த ஏற்பாடு என்கிறார்கள். கரடிக்கு அதெல்லாம் ஒரு பொருட்டில்லை. கரடி வந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். நாய்கள் வேறு மாதிரி குரைக்கும் என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த கூண்டுக்குப் போய்விட்டார்.

பட்டியைத் தாண்டிச் சற்றுத் தூரத்தில் அந்தப் புகழ்பெற்ற பலகை: கறுப்பில் வெள்ளைக் கரடி, கீழே "ஸ்வால்பார்ட் முழுவதற்கும் பொருந்தும்" என்று நார்வேஜியனில். அங்கிருந்து திரும்பிவிட்டேன்.

ஜூலை 1. லாங்யர்பியென்

மழை. அருங்காட்சியகத்தில் நாள் போனது. நேற்றோடு ஊரில் ஏழாம் எண் சுரங்கம் மூடப்பட்டுவிட்டது; ஸ்வால்பார்டில் நார்வேயின் நிலக்கரிக் காலம் அதோடு முடிந்தது என்று தேநீர்க்கடையில் பேச்சு. உலகத்தைச் சூடாக்கியதில் தன் பங்கைச் செலுத்திவிட்டு ஓய்வு பெறுகிறது.

பாடம் செய்து வைத்த கரடியையும் வாத்தையும் மாறி மாறிப் பார்த்ததில், பட்டினி விஷயத்தில் இந்த இரண்டு தாய்களும் ஒரே தொழில் பார்ப்பவர்கள் என்று தோன்றியது. கரடி வசந்தத்தில் இணை சேரும், ஆனால் கரு உடனே வளராது. கோடை முழுக்கச் சேர்த்த கொழுப்பைப் பொறுத்து, இலையுதிர் காலத்தில்தான் கருப்பையில் ஒட்டும். கொழுப்பு போதாது என்றால் அந்த ஆண்டு பிள்ளை இல்லை. பனிக்குள் குழி தோண்டிப் புகுந்தால் மார்ச், ஏப்ரல் வரை சாப்பாடு கிடையாது. அந்தப் பட்டினியிலேயே பிரசவம், அந்தப் பட்டினியிலேயே பால் கொடுப்பது. பிறக்கும் குட்டி அரைக் கிலோ சொச்சம்தான், கண் திறந்திருக்காது. வெளியே வரும்போது தாயின் எடையில் நாற்பது விழுக்காடு வரை கரைந்திருக்கும். ஈடரும் அப்படியே: வசந்தத்தில் தின்று தின்று கொழுப்பேற்றிக்கொண்டு வந்து உட்காரும், எழும்போது எடையில் மூன்றில் ஒரு பங்கு போயிருக்கும். போதிய கொழுப்பு இல்லாத ஆண்டில் கூடே கட்டாமல் விட்டுவிடும். அப்பன்மார் இரண்டு பக்கமும் துணை இல்லை. ஈடர் ஆணாவது பெட்டை அடை உட்காரும் வரை காவலாகக் கூடவே இருக்கும்; கரடி சில நாளில் கம்பி நீட்டிவிடும்.

குளிரைத் தாங்குவதில் இருவருக்கும் வழி வேறு. கரடியின் உரோமம் காற்றில்தான் காக்கும். தண்ணீருக்குள் நனைந்துபோகும், அங்கே தோலடிக் கொழுப்புதான் போர்வை. தோல் கறுப்பு, வெள்ளையாகத் தெரியும் முடியில் நிறமே இல்லை. ஓடினால் சூடேறித் திணறிப்போகும். வாத்து மாறாக, இறகுக்கு எண்ணெய் தடவித் தடவி, மைனஸ் ஒரு பாகைக் கடலில் மூழ்கினாலும் உள்தூவி நனையாமல் வைத்துக்கொள்ளும். தன் தாக்குப்பிடிக்கும் ரகசியத்தைப் பிடுங்கிப் பிள்ளைக்குப் போர்த்தவும் அதால் முடியும். கரடிக்கு அந்த வசதி இல்லை, அது தன் உடம்பையே பாலாக்க வேண்டும்.

பிள்ளை வளர்ப்பில்தான் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். ஈடர் குஞ்சு பொரித்து ஒரு நாளுக்குள் கடலில் இறங்கித் தானே இரை தேடும். கரடிக் குட்டிக்கு இரண்டரை ஆண்டு அம்மா வேண்டும், அதனால் மூன்று ஆண்டுக்கு ஒரு பிரசவம். இரண்டும் இருபது ஆண்டுக்கு மேல் வாழக்கூடியவை. ஓராண்டு முட்டை போனால் ஈடருக்கு அடுத்த ஆண்டு இருக்கிறது.

ஜூலை 2. ஈஸ்ஃபியோர்டன்

காலை எட்டரைக்குப் படகு. நூர்டன்ஷோல்ட் பனியாறு வரை போய் வரும் நாள்பயணம். சீட்டு விலை கையைக் கடிக்கும். வழிகாட்டி கிளம்பும் முன்னே சொல்லிவிட்டார்: கரடி தெரிந்தால் அதிர்ஷ்டம், தெரிந்தாலும் பக்கத்தில் போக மாட்டோம். இந்த ஆண்டு ஜனவரி முதல் புதுச் சட்டம். மார்ச்சிலிருந்து ஜூன் வரை கரடிக்கு 500 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், மற்ற மாதங்களில் 300 மீட்டர். நேற்று வந்திருந்தால் 300, முந்தாநாள் என்றால் 500. பெரிய லென்ஸ் வைத்திருந்தவர்கள் முகம் கொஞ்சம் வாடியது.

பஃபின்கள், சிற்றாக்குகள், படகின் பின்னாலேயே மிதந்துவரும் ஃபுல்மார்கள் என்று கடற்பறவைகள் எல்லாம் கண்ணில் பட்டன. அவற்றுக்கு இன்னொரு நாள். பில்லெஃபியோர்டன் என்ற ஃபியோர்டின் (மலைகளுக்கு நடுவே உள்ளே நீளும் கடல்) வாய் நெருங்கும்போது தட்டையாகச் சில தீவுகள், கோசொய்யானெ. ஸ்வால்பார்டில் 1973-இல் அறிவித்த பதினைந்து பறவைச் சரணாலயங்களில் ஒன்று. மே 15 முதல் ஆகஸ்ட் 15 வரை மனிதர்கள் கரையிலிருந்து 300 மீட்டருக்குள் படகில் கூட வரக்கூடாது. தூரத்திலிருந்தே தீவின் மேல் வெள்ளைக் கடற்காகங்கள் கும்பலாகச் சுற்றுவது தெரிந்தது. வழிகாட்டி ஸ்கோப் என்ற தொலைநோக்கியைத் திருப்பி வைத்துக் கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தார். பிறகு இன்ஜினைக் குறைக்கச் சொல்லிக் கை காட்டினார்.

நான் எதிர்பார்த்தது வெள்ளை. ஸ்கோப்பில் தெரிந்தது வெண்ணெய் மஞ்சள். பக்கத்துப் பனித்திட்டின் வெள்ளைக்கு முன்னால் அது அழுக்காகவே இருந்தது. தலையைத் தொங்கப்போட்டு, முன்கால் பாதத்தை உள்பக்கம் திருப்பி, மேய்கிற மாட்டின் நிதானத்தில் நடந்தது. நின்றது. தலை கீழே போனது. ஒரு நிமிடம் கூட இல்லை, நிமிர்ந்து அடுத்த அடி எடுத்து வைத்தது. மோவாய் ஈரமாக மினுங்கியது.

பெட்டைகள் கடைசி நொடி வரை அசையவில்லை. அதுதான் என்னைப் பிசைந்தது. நரியை ஏமாற்றிப் பழகிய உத்தி: அசையாமல் கிட, நிறம் உன்னைக் காக்கும். மோப்பத்தாலேயே பனிக்கடியில் சீல் குட்டியைக் கண்டுபிடிப்பவனிடம் நிறம் என்ன செய்யும்? இரண்டு மூன்று மீட்டர் வரும்போதுதான் சட்டென்று எழுந்து தத்தித் தத்திக் கடலை நோக்கிப் பறந்தன. கரடி பறந்தவளைத் திரும்பியும் பார்க்கவில்லை. அவள் விட்டுப்போன இடத்துக்கும் சில முறைதான் போனது. சில நேரம் அவளைக் கிளப்பிவிட்டுப் பக்கத்திலேயே கடந்து போனது. அந்தக் கூடுகள் தப்பித்தன என்று நினைப்பதற்குள் கடற்காகங்கள் இறங்கின. கரடி தின்றது ஒரு பங்கு என்றால் அது திறந்துவிட்ட கூடுகளில் அவை தின்றது இன்னொரு பங்கு. கரைக்குக் கொஞ்சம் தள்ளித் தண்ணீரில் பெட்டைகள் கூட்டமாக மிதந்தன. ஒரு சத்தமும் போடவில்லை.

படகில் ஆளுக்கொரு பக்கம். முதலில் "எவ்வளவு அழகு" என்று கூவியவர்களே கொஞ்ச நேரத்தில் அமைதியானார்கள். வயதான ஜெர்மன் பெண்மணி ஒருவர், "அந்தப் பறவைகளுக்காக ஏதாவது செய்யக் கூடாதா? ஒரு சத்த வெடியாவது?" என்று கேட்டார். முடியாது. கரடியைத் தொந்தரவு செய்வது குற்றம். தீவில் இறங்குவதும் குற்றம். கரடிக்கும் இந்தத் தீவுக்கும் ஒரே ஆண்டில், 1973-இல், பாதுகாப்பு கொடுத்தார்கள். காத்த ஒன்று, காத்த மற்றொன்றைத் தின்ன வரும் என்று அன்றைக்கு யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். அன்றைக்கு ஜூனில் கரடி பனியோடு வடக்கே போயிருக்கும்.

ஒரு ஈடர் முட்டை ஏறத்தாழ நூறு கிராம். கூட்டுக்கு நான்கு என்றால் நானூறு கிராம். ஒரு வளையச் சீல் ஐம்பது, அறுபது கிலோ, அதில் பாதி வரை கொழுப்பாக இருக்கும். நானூறு கிலோ உடம்புக்கு நானூறு கிராம் நானூறு கிராமாகச் சேர்ப்பதற்கு அது அந்தத் தீவின் ஒவ்வொரு அங்குலத்தையும் நடந்தாக வேண்டும். தீர்ந்ததும் நீந்தி அடுத்த தீவு.

பனியாறு நீலமாக, பிரமாதமாக இருந்தது. பாதிதான் மனம் அங்கே இருந்தது.

ஜூலை 3. லாங்யர்பியென்

கரடியை வில்லனாக்கி எழுதிவிடக் கூடாது என்பதற்காக இரவே எழுத உட்காரவில்லை.

இந்தக் கதையின் மூன்றாவது பாத்திரம் கடற்பனி. அதை இந்த இரண்டு உயிர்களும் நேரெதிராக விரும்புகின்றன. ஈடருக்குத் தீவைச் சுற்றிய பனி ஜூனுக்குள் போய்விட வேண்டும். போகாவிட்டால் நரி பனிமேல் நடந்தே தீவுக்கு வந்துவிடும். இங்கிருந்து வடக்கே கோங்ஸ்ஃபியோர்டனில், நம் நாட்டின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் 2008 முதல் இருக்கிற அதே ஃபியோர்டில், ஈடர் கூடுகளைப் பல்லாண்டுகளாக எண்ணி வருகிறார்கள். பனி தங்கிவிட்ட வசந்தங்களில் கூடு குறைவு, சீக்கிரம் உடைந்த வசந்தங்களில் அதிகம். கரடிக்கோ பனி இருக்க வேண்டும். சீல் மூச்சு விட வரும் துளைக்குப் பக்கத்தில் காத்திருந்து அடிக்க அது நிற்க ஒரு தளம் வேண்டும்.

2006 வாக்கிலிருந்து ஸ்வால்பார்டின் மேற்கு ஃபியோர்டுகளில் பனி சரியாக உறைவதில்லை. அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான நீர் உள்ளே வந்துவிடுகிறது. கரடிகள் வாழும் கடல்களிலேயே பனி மிக வேகமாகக் குறைவது ஸ்வால்பார்டை ஒட்டிய பாரன்ட்ஸ் கடலில்தான். ஈடருக்கு நல்ல காலம் என்று சொல்லியிருக்க வேண்டும், நரி வர வழியில்லையே. ஆனால் நரியைத் தடுத்த தண்ணீர் கரடியைத் தடுக்காது. நிலத்தில் மாட்டிக்கொண்ட கரடி நீந்தி வருகிறது. மேற்குக் கரையின் சில தீவுகளில் சில ஆண்டுகளில் பத்துக்கு ஒன்பது கூடுகள் காலியாகியிருக்கின்றன.

இதில் இன்னொரு விஷயத்தையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் நியாயமாகாது. பனி மட்டும் காரணம் இல்லை. அந்த மரப்பெட்டித் துப்பாக்கிகள் நின்ற பிறகு கரடிகளே பெருகியிருக்கின்றன. ஸ்வால்பார்டில் இப்போது 250, 300 கரடிகள் இருக்கலாம் என்கிற கணக்கு. அவற்றில் பல பனியைத் தேடி வடக்கே போகாமல் ஆண்டு முழுக்கக் கரையோரமே வாழ்பவை. சீல் கிடைக்காத மாதங்களில் முட்டை, கரையொதுங்கிய திமிங்கிலம், சில நேரம் ரெயின்டீர். ஆக, வேட்டைக்காரன் வருவதற்கு முன்னால் ஈடரும் கரடியும் இப்படித்தான் வாழ்ந்தனவோ என்னவோ. நான் சந்தேகப்படுவது அளவைத்தான்.

கனடாவில், ஹட்சன் விரிகுடாவின் வடபகுதியில் மிட்டிவிக் தீவில், ஆய்வாளர்கள் டிரோன் பறக்கவிட்டு முட்டை தின்னும் கரடிகளை மேலிருந்து பின்தொடர்ந்தார்கள். முதலில் வந்த கரடிகளுக்கு விருந்து. நாள் போகப் போக வந்தவை காலிக் கூடுகளையே மோந்துகொண்டு திரிந்தன. வாத்து எழுந்து பறப்பதை வைத்துக் கூடு எங்கே என்று கண்டுபிடிக்கும் சாமர்த்தியமும் அவற்றுக்குச் சரியாக வரவில்லை. நேற்று நான் ஸ்கோப்பில் கண்டதும் அதுவே. சீல் வேட்டையில் பல்லாயிரம் ஆண்டு தேறிய மிருகம் இந்தப் புதுத் தொழிலில் கற்றுக்குட்டி. ஈடரும் அப்படித்தான், கரடிக்கு எதிராக அதனிடம் இருப்பது நரிக்கான உத்தி மட்டும். கரடி இந்தத் தொழிலில் தேறுவதற்குள் வாத்து இடம் மாற்றிக்கொள்ளும் என்பது என் ஊகம். நாய்ப்பட்டி வாத்துகள் ஏற்கெனவே மாற்றிக்கொண்டுவிட்டன. கரடிக்கு அப்படி மாற்றிக்கொள்ள இடம் இல்லை. எந்தப் பக்கம் நிற்பது என்று கேட்டால், மனம் வாத்திடமும் கவலை கரடியிடமும் என்றுதான் சொல்வேன்.

போக நினைப்பவர்களுக்கு: வாத்துக்கு ஜூன் நடுவிலிருந்து ஜூலை முதல் வாரம் வரை. நாய்ப்பட்டிக்கு நடந்தே போகலாம், செலவில்லை, துப்பாக்கியும் தேவையில்லை, எச்சரிக்கைப் பலகைக்கு இந்தப் பக்கம்தான். சாலையை விட்டு இறங்காதீர்கள். தலைக்கு மேல் ஆலாக்கள் கொத்த வரும்; ஒரு குச்சியைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்தால் அதைத்தான் கொத்தும். கரடிக்கு ஜூலை, ஆகஸ்ட் படகுகள். நல்ல இருகண்ணோக்கி எடுத்துக்கொள்ளுங்கள், 300 மீட்டருக்குக் கைபேசிப் படம் எடுபடாது. கடற்காகங்கள் ஒரு தீவின் மேல் காரணமில்லாமல் வட்டமடித்தால் அங்கே முதலில் பாருங்கள்.